போக மட்டும் கார் வேணுமா? ஊர் திரும்பும் வண்டியைப் பிடிங்க! காட்டுப்பாக்கம்வாசிகளுக்கு ஒரு 'டிராப் டாக்சி' கணக்கு

பூந்தமல்லி:

காட்டுப்பாக்கத்தில் இருந்து பெங்களூருக்கு ஒரு கார் வேணும்னு ரெண்டு இடத்தில் விலை கேட்டுப் பாருங்க. ஒருத்தர் 5 ஆயிரம் என்பார். இன்னொருத்தர் 9 ஆயிரத்துக்குக் கீழே இறங்கவே மாட்டார். வண்டி அதே டிசையர் அல்லது எட்டியோஸ்தான். ரோடும் அதே பூந்தமல்லி நெடுஞ்சாலைதான். அப்புறம் எப்படி 4 ஆயிரம் ரூபாய் வித்தியாசம்?

இதற்குப் பதில் ஒன்றுதான். உங்களை இறக்கி விட்டபிறகு அந்த வண்டி காலியாகத் திரும்பி வரணும். அந்தக் காலி வண்டிக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் விலை நிற்கிறது. இதைப் புரிஞ்சுக்கிட்டவங்க பாதிப் பணத்தில் ஊர் போய்ச் சேருகிறார்கள். புரியாதவங்க ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் அதிகம் குடியேறிய ஏரியா காட்டுப்பாக்கம். ஊரில் திடீர் சாவு, ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ், பிள்ளையை ஹாஸ்டலில் சேர்ப்பது, பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவது என்று 'போக மட்டும்' கார் தேவைப்படும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகவே இந்தக் கணக்கு.

காலி வண்டிக்கு யார் காசு?

ஒரு காரின் செலவை முதலில் பார்ப்போம். காட்டுப்பாக்கத்தில் இருந்து பெங்களூரு சுமார் 320 கிலோ மீட்டர். லிட்டருக்கு 20 கிலோ மீட்டர் கொடுக்கும் டீசல் கார் என்றால் 16 லிட்டர் வேணும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஒரு பக்கத்துக்கு டீசல் மட்டும் ஏறத்தாழ 1,500 ரூபாய். திரும்பி வர இன்னொரு 1,500. ரெண்டு பக்கமும் டோல். டிரைவருக்கு சாப்பாடு, தூக்கம். இதற்கு மேல் வண்டி டியூ, இன்சூரன்ஸ், எப்.சி. செலவு.

பழைய டிராவல்ஸ் வழக்கப்படி இந்த மொத்தச் செலவும் பயணியின் தலையில் விழும். 'போக வர' என்று 640 கிலோ மீட்டருக்கும் பில் போட்டுவிடுவார்கள். நீங்க ஒரு பக்கம் மட்டும் போனாலும் கணக்கு ரெண்டு பக்கத்துக்குத்தான்.

டிராப் டாக்சிக்காரர்கள் இந்த வழக்கத்தை மாற்றினார்கள். பெங்களூரில் இறக்கி விட்ட வண்டிக்கு அங்கே இருந்து சென்னைக்கு வரும் இன்னொரு பயணியைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் வண்டி காலியாக வராது. அப்போது உங்களிடம் ஒரு பக்கத்துக்கு மட்டும் வாங்கினால் போதும். இதுதான் தொழில் ரகசியம். திரும்ப ஆள் கிடைக்காத நாளில் அந்த நஷ்டம் பெரும்பாலும் டிரைவர் தலையில்தான் விழும். ரிட்டர்ன் டிரிப்புக்காக வெளியூரில் காருக்குள்ளேயே படுத்துத் தூங்கும் டிரைவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

உலகம் பூராவும் இதே பிரச்சினைதான். அமெரிக்காவில் ஒரு ஊரில் கார் எடுத்து வேறு ஊரில் விட்டால் அதற்குத் தனியாகக் கட்டணம் போடுவார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நேர் எதிராகவும் நடக்கிறது. எங்கோ போய் மாட்டிக்கொண்ட சுற்றுலா வேனை பழைய இடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தால் போதும் என்று நாளுக்கு 1 டாலர் வாடகைக்கே கொடுக்கிறார்கள். காலியாக வரவேண்டிய வண்டியில் நீங்க ஏறினால் விலை சல்லிசு. உங்களுக்காக ஒரு வண்டி காலியாகத் திரும்பணும்னா விலை டபுள்.

காட்டுப்பாக்கத்துக்கு உள்ள வசதி

இந்த விஷயத்தில் காட்டுப்பாக்கம்வாசிகள் கொடுத்து வைத்தவர்கள். மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் மேற்கே சில கிலோ மீட்டர் போனால் பூந்தமல்லி. அங்கே பெங்களூரு நெடுஞ்சாலை. வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு திரும்பும் வண்டிகளுக்கு இதுதான் வழி. சேலம், கோவை வண்டிகளிலும் பல இந்தப் பக்கமாக வேலூர், கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகும்.

கிழக்கே அய்யப்பன்தாங்கல் தாண்டினால் போரூர் அருகே சென்னை பைபாஸ் ரோடு. அதில் ஏறி பெருங்களத்தூர் போய்விட்டால் திருச்சி, மதுரை, நெல்லை மார்க்கம். பூந்தமல்லியைத் தாண்டினால் நசரத்பேட்டை பக்கம் வெளிவட்டச் சாலை. தெற்கே வண்டலூர், வடக்கே நெமிலிச்சேரி, மீஞ்சூர் வரை போகலாம்.

வண்டிகள் வந்து இறக்கும் இடங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. போரூர் ராமச்சந்திரா ஆஸ்பத்திரிக்கு வெளி மாவட்ட நோயாளிகள் காரில் வருகிறார்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வேலூர், சேலம், பெங்களூரில் இருந்தெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வானகரம், போரூர் பக்கம் கல்யாண மண்டபங்களுக்கு முகூர்த்த நாட்களில் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டும். இந்த வண்டிகளில் பல காலியாக ஊர் திரும்புகின்றன. உங்களுக்கு வேண்டியது அதில் ஒன்று.

நம்பர் பிளேட் சொல்லும் சேதி

எந்த வண்டி எந்த ஊர் திரும்பும் என்று எப்படித் தெரியும்? நம்பர் பிளேட்டே சொல்லிவிடும். டி.என்.12 என்றால் பூந்தமல்லி. அது நம்ம ஏரியா வண்டி. டி.என்.23 வேலூர். டி.என்.70 ஓசூர். டி.என்.30 சேலம் மேற்கு. டி.என்.37 கோவை தெற்கு. டி.என்.45 திருச்சி மேற்கு. டி.என்.58 மதுரை தெற்கு. டி.என்.72 நெல்லை. பி.ஒய்.01 புதுச்சேரி. கே.ஏ. என்று ஆரம்பித்தால் கர்நாடகா.

பதிவு ஒரு ஊரில், ஓடுவது வேறு ஊரில் என்ற வண்டிகளும் உண்டு. அதனால் நம்பரை வைத்து மட்டும் முடிவு செய்யாமல், "எந்த ஊர் வண்டி, எப்போ ரிட்டர்ன்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடணும்.

ஊர் திரும்பும் டிரைவருக்கு டீசலும் டோலும் எப்படியும் செலவுதான். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம். எனவே டிராப் டாக்சி விலைக்கும் கீழே பேரம் பேச இடம் இருக்கிறது. ஆனால் ரொம்பவும் அடித்துப் பேசக்கூடாது. கட்டுப்படியாகாத விலைக்கு ஒத்துக்கொண்ட டிரைவர் வழியில் இன்னும் ரெண்டு பேரை ஏற்றப் பார்ப்பார். இல்லாவிட்டால் ஏ.சி.யை நிறுத்திவிடுவார்.

130 கிலோ மீட்டர் விவகாரம்

டிராப் டாக்சி விளம்பரங்களில் செடான் காருக்கு கிலோ மீட்டர் 14 ரூபாய், எர்டிகா, இன்னோவா போன்ற பெரிய வண்டிக்கு 19 ரூபாய் என்ற அளவில் ரேட் போடுகிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு ரூபாய் மாறும். டிரைவர் பேட்டா 400 ரூபாய் அளவில் தனி. டோல் தனி. அதுக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'ஒரு வழிப் பயணத்துக்கு குறைந்தபட்சம் 130 கிலோ மீட்டர்'. போக வர எடுத்தால் 'நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோ மீட்டர்'. இந்த ரெண்டு வரியில்தான் பணம் போகிறது.

காஞ்சீபுரத்துக்கு ஒரு வழி கார் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். காட்டுப்பாக்கத்தில் இருந்து 60 கிலோ மீட்டருக்குள்தான். ஆனால் பில் 130 கிலோ மீட்டருக்கு. 1,820 ரூபாய், பேட்டா 400, மொத்தம் 2,220 ரூபாய். ஓடிய தூரத்துக்குக் கணக்குப் பார்த்தால் கிலோ மீட்டருக்கு 37 ரூபாய்க்கு மேல். இவ்வளவு கிட்டத்தில் டிராப் டாக்சி எடுப்பது நஷ்டம். லோக்கல் கால் டாக்சியில் விலை கேட்கலாம். பூந்தமல்லியில் இருந்து பஸ்சும் இருக்கிறது.

வேலூர் ஏறத்தாழ 120 கிலோ மீட்டர். அங்கே 130-க்கு பில் போட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. அதற்கு மேல் தூரம் கூடக்கூட டிராப் டாக்சிதான் லாபம்.

போக வர எடுப்பதா, ரெண்டு தடவை டிராப் எடுப்பதா?

நிறைய பேர் குழம்புவது இங்கேதான். திருவண்ணாமலைக்கு ஒரு குடும்பம் போகிறது. தூரம் சுமார் 180 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு 14 ரூபாய், போக வர எடுத்தால் 13 ரூபாய், பேட்டா நாளுக்கு 400 என்று வைத்து, டோல் இல்லாமல் கணக்குப் போட்டால் இப்படி வரும்.

போகும்போது ஒரு டிராப், வரும்போது ஒரு டிராப் - ஒவ்வொன்றும் 2,920 ரூபாய். மொத்தம் 5,840.

காலையில் போய் அன்று ராத்திரியே அதே காரில் திரும்பினால் - 360 கிலோ மீட்டர். 4,680 ரூபாய், பேட்டா 400. மொத்தம் 5,080.

ஒரு ராத்திரி தங்கி மறுநாள் அதே காரில் திரும்பினால் - ஓடியது 360 கிலோ மீட்டர்தான். ஆனால் ரெண்டு நாளுக்குக் குறைந்தபட்சம் 500 கிலோ மீட்டர் பில். 6,500 ரூபாய், பேட்டா 800. மொத்தம் 7,300.

மூணு நாள் வண்டியை வைத்துக்கொண்டால் - 750 கிலோ மீட்டர் பில். 9,750 ரூபாய், பேட்டா 1,200. மொத்தம் 10,950.

அன்றே திரும்புகிறீர்களா? ஒரே வண்டியைப் பேசிவிடுங்க. ஒரு ராத்திரி தங்கினாலே போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி என்று எடுப்பதுதான் சிக்கனம். சும்மா நிற்கும் வண்டிக்கும் கிலோ மீட்டர் ஏறுகிறது என்பதை மறக்கக்கூடாது.

பெங்களூருக்கு இதே கணக்கில் ஒரு வழி 320 கிலோ மீட்டருக்கு 4,480 ரூபாய், பேட்டா 400. மொத்தம் 4,880. நாலு பேர் போனால் தலைக்கு 1,220 ரூபாய், டோல் தனி. வீட்டு வாசலில் ஏறி வாசலில் இறங்குவதற்கு இது கட்டுப்படியாகும். தனியாளாக, பெட்டி ஒன்றுடன் போகிறவருக்குக் கார் தேவையே இல்லை. ரெயிலோ பஸ்சோ போதும். ஆனால் பஸ் எங்கே ஏறணும் என்று பார்த்துக்கொள்ளணும். 2023 டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபிறகு தென் மாவட்ட பஸ்கள் அங்கே மாறின. வயதானவர்களுடன் ராத்திரி நேரத்தில் காட்டுப்பாக்கத்தில் இருந்து மூட்டை முடிச்சோடு அங்கே போய்ச் சேரும் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிடணும்.

எங்கே கேட்பது?

மூணு வழி இருக்கிறது. முதலாவது ஓலா, ஊபர் போன்ற செயலிகளில் வெளியூர்ப் பயணப் பிரிவு. விலை முன்னாலேயே தெரியும். வண்டி எங்கே வருகிறது என்று வீட்டில் இருப்பவர்கள் பார்க்கலாம். ஆனால் கூட்டம் அதிகமான நேரத்தில் விலை ஏறும். மத்திய அரசின் 2025 வழிகாட்டு நெறிமுறை, அடிப்படைக் கட்டணத்தைப் போல 2 மடங்கு வரை செயலிகள் வாங்கலாம் என்கிறது.

ரெண்டாவது டிராப் டாக்சி கம்பெனிகள். போனில் பேசியே புக் செய்யலாம். இவர்களில் சிலர் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள். பலர் உங்கள் டிரிப்பை வேறொரு டிரைவரிடம் கமிஷனுக்குக் கொடுக்கும் இடைத்தரகர்கள். அதனால் போனில் பேசியவர் ஒருத்தர், வாசலில் வந்து நிற்பவர் வேறொருத்தராக இருப்பார். பேசிய விலை இவருக்குத் தெரியாது. தகராறு இங்கேதான் ஆரம்பம்.

மூணாவது நம்ம ஏரியா டாக்சி ஸ்டாண்டும் தெரிந்த டிரைவரும். காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, பூந்தமல்லி, போரூர் டிரைவர்களுக்குள் வாட்ஸ்அப்பில் குரூப் இருக்கும். 'நாளைக்குக் காலையில் திருச்சிக்கு ஒரு டிராப்' என்று அவர்கள் ஒரு செய்தி போட்டால், இங்கே வந்து நிற்கும் திருச்சி வண்டிக்காரர் உடனே போன் செய்வார். ரிட்டர்ன் வண்டி பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. தெரிந்த ஆள் மூலமாக வருவதால் பயமும் குறைவு.

எப்போ மலிவு, எப்போ காரம்?

கூட்டம் போகும் திசையில் போனால் விலை அதிகம். எதிர்த்திசையில் போனால் குறைவு. பொங்கல், தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால் சென்னையே காலியாகி தெற்கே ஓடும். அப்போது மதுரைக்கு டிராப் கேட்டால் யானை விலை சொல்வார்கள். அதே நேரத்தில் மதுரையில் இறக்கிவிட்ட வண்டிகள் சென்னைக்குக் காலியாக வரும். அன்று ஊரில் இருந்து அப்பா, அம்மாவை காட்டுப்பாக்கத்துக்கு அழைத்து வருவதாக இருந்தால் நல்ல விலைக்குப் பேசலாம். பண்டிகை முடிந்ததும் இது தலைகீழாக மாறும்.

வார நாட்களைவிட வெள்ளி சாயங்காலம் பெங்களூரு, கோவை பக்கம் விலை ஏறும். ஞாயிறு ராத்திரி சென்னைக்கு வர விலை ஏறும். ஒரு நாள் தள்ளிப்போட முடிந்தவர்கள் தள்ளிப் போடுவது நல்லது.

டோல், பெர்மிட், மலைப்பாதை

ஒரு வழிப் பயணத்தில் நீங்க தாண்டும் டோலுக்கு மட்டும்தான் நீங்க பொறுப்பு. பெங்களூரு மார்க்கத்தில் தமிழ்நாட்டுக்குள் நெமிலி, சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி டோல்கேட்டுகள் வரும். "ரிட்டர்ன் டோலும் சேர்த்துக் குடுங்க" என்று கேட்டால், அது முன்னாடியே பேசியதா என்று பாருங்க. தேசிய நெடுஞ்சாலை விதிப்படி 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் டோல்.

வண்டியில் பாஸ்டேக் இருக்கிறதா, அதில் பணம் இருக்கிறதா என்றும் கேட்கணும். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. அது இல்லாமல் போனால் கூடுதல் கட்டணம். 2025 ஆகஸ்டு 15-ந்தேதி வந்த வருட பாஸ் சொந்தக் கார்களுக்கு மட்டும்தான். டாக்சிக்குக் கிடையாது. எனவே 'பாஸ் இருக்கு, டோல் இல்லை' என்று யாராவது சொன்னால் அது டாக்சியாகப் பதிவான வண்டி இல்லை என்று உஷாராகிவிடணும்.

பெங்களூரு, திருப்பதி, கொச்சி போன்ற வெளி மாநிலப் பயணம் என்றால் "ஆல் இந்தியா பெர்மிட் இருக்கா?" என்று கேட்பது முக்கியம். இருந்தால் எல்லையில் தனி பெர்மிட் செலவு வராது. தமிழ்நாடு பெர்மிட் மட்டும் உள்ள வண்டி என்றால் அந்தச் செலவு யார் தலையில் என்று முன்பே பேசிவிடணும்.

ஊட்டி, கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கணும். சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந்தேதி முதல் அங்கே இ-பாஸ் முறை வந்தது. அதற்கு வண்டி நம்பர் வேணும். கிளம்பும் நேரத்தில்தான் வண்டி நம்பர் சொல்வோம் என்கிற கம்பெனியில் புக் செய்தால் அடிவாரத்தில் நிற்க வேண்டி வரும். மலைப்பாதைக்கு தனிக் கட்டணம் வாங்கும் வழக்கமும் இருக்கிறது.

வெள்ளை போர்டு வேண்டவே வேண்டாம்

டாக்சி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார டாக்சிக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகக் கார். அதை வாடகைக்கு விடக்கூடாது.

"நம்ம வண்டிதான் சார், ரெண்டாயிரம் கம்மியா வரும்" என்று வெள்ளை போர்டு காரை நீட்டினால் ஏறாதீங்க. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவதற்கு 2019 திருத்தச் சட்டப்படி 10 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு. அது வண்டிக்காரர் கவலை. பயணியின் கவலை வேறு. சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்சில் வாடகைப் பயணம் சேராது. நடுவழியில் விபத்து என்றால் நஷ்டஈடு கேட்டு கோர்ட்டு, கேஸ் என்று குடும்பம் அலைய வேண்டி வரும். 2 ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் பல லட்சம் சிக்கிக்கொள்ளும்.

மஞ்சள் போர்டிலும் ஒரு விதி இருக்கிறது. காரை வாடகைக்கு எடுத்தால் முழுசாகத்தான் எடுக்கணும். 'சீட்டுக்கு இவ்வளவு' என்று வழியெல்லாம் ஆள் ஏற்றி இறக்க டாக்சி பெர்மிட்டில் இடம் இல்லை. தெரிந்த நாலு பேர் சேர்ந்து ஒரு காரைப் பேசிப் பங்கு போட்டுக்கொள்வது வேறு விஷயம். அதில் தப்பில்லை.

வண்டி நம்பர் கையில் கிடைத்ததும் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்க்கலாம். இன்சூரன்ஸ், எப்.சி. தேதி தெரிந்துவிடும். ரெண்டு நிமிஷ வேலைதான்.

அட்வான்ஸ் மோசடி

இன்டர்நெட்டில் கிடைக்கும் எல்லா நம்பரும் டாக்சி கம்பெனி இல்லை. ரொம்பக் குறைந்த விலை சொல்லி, "பாதிப் பணம் இப்பவே அனுப்புங்க, வண்டி கிளம்பிடுச்சு" என்று அவசரப்படுத்துவது மோசடிக் கும்பலின் வழக்கம். பணம் போனதும் போன் சுவிட்ச் ஆப். சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுவார்கள்.

வண்டி வாசலுக்கு வந்து, ஆர்.சி. நம்பரும் டிரைவரும் சரிதான் என்று பார்த்தபிறகு டீசலுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். மீதியை இறங்கும்போது கொடுப்பதுதான் பாதுகாப்பு. லிங்க் அனுப்பினால் தொடவே கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் பேசணும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

நடுவழியில் விலை ஏறினால்...

பேசிய விலை ஒன்று, பாதி தூரம் போனதும் கேட்கும் விலை ஒன்று. இது எல்லாருக்கும் நடப்பதுதான். ஓலா கம்பெனியைத் தொடங்கிய பவிஷ் அகர்வாலுக்கும் இது நடந்திருக்கிறது. பெங்களூரில் இருந்து பந்திப்பூருக்குக் கார் எடுத்தபோது, மைசூரில் டிரைவர் வண்டியை நிறுத்தி கூடுதல் பணம் கேட்டாராம். அந்த அனுபவத்தில்தான் டாக்சி தொழிலுக்கே வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். 2010-ல் கம்பெனி பிறந்தது.

இதைத் தவிர்க்க ஒரே வழி, பேசியதை எழுத்தில் வைத்துக்கொள்வது. மொத்த விலை, கிலோ மீட்டர் ரேட், பேட்டா, டோல் யாருடையது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிவிட்டால் போதும். வாசலுக்கு வரும் டிரைவரிடமும் அதைக் காட்டிவிட்டு ஏறணும். வழியில் பிரச்சினை, மிரட்டல் என்றால் 112-க்குப் போன் செய்யலாம். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033.

கிலோ மீட்டர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதும் சண்டைக்குரிய விஷயம். டிராப் டாக்சியில் ஏறும் இடத்தில் இருந்து இறங்கும் இடம் வரை கணக்கு. சில டிராவல்ஸ்களில் 'ஷெட் டு ஷெட்'. அதாவது அவர்கள் ஆபீசில் இருந்து வண்டி கிளம்புவது முதல் திரும்புவது வரை. கிளம்பும்போது மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

டிரைவர் தூங்கினாரா?

விலையைப் பேசும் யாரும் கேட்காத கேள்வி இதுதான். ரிட்டர்ன் வண்டி மலிவுதான். ஆனால் அந்த டிரைவர் ராத்திரி முழுக்க ஓட்டி இப்போதுதான் வந்து இறக்கியிருப்பார். உடனே உங்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு 300 கிலோ மீட்டர் ஓட்டணும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் வேலை என்று 1961-லேயே சொல்லிவிட்டது. தனி ஆளாக ஓடும் டிரைவர் கணக்கில் அது கண்டுகொள்ளப்படுவதே இல்லை.

"அண்ணே, எத்தனை மணிக்கு வந்தீங்க? தூங்கினீங்களா?" என்று கேளுங்க. இல்லை என்றால் ரெண்டு மூணு மணி நேரம் படுத்து எழுந்து வரச் சொல்லுங்க. முடிந்தவரை விடியற்காலை 2 மணி முதல் 5 மணி வரை ரோட்டில் இல்லாதபடி கிளம்பும் நேரத்தை வையுங்க. ராத்திரிப் பயணம் தவிர்க்க முடியாது என்றால் முன் சீட்டில் இருப்பவர் தூங்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரணும். டீ குடிக்க நிறுத்தச் சொல்வதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

புக் செய்யும் முன் கேட்க வேண்டியவை

1. ஒரு வழியா, போக வரவா? குறைந்தபட்ச கிலோ மீட்டர் எவ்வளவு?

2. கிலோ மீட்டர் எங்கே ஆரம்பித்து எங்கே முடியும்?

3. பேட்டா எவ்வளவு? ராத்திரிக்குத் தனியா? ஏ.சி. சேர்ந்ததா?

4. டோல், பார்க்கிங், பெர்மிட் யார் கொடுப்பது? ரிட்டர்ன் டோல் கேட்பீர்களா?

5. மஞ்சள் போர்டா? வண்டி நம்பர் என்ன? எப்போ தெரியும்?

6. வண்டி எந்த ஊர்? அங்கேயே திரும்புகிறதா?

7. கிளம்ப லேட் ஆனால் வெயிட்டிங் சார்ஜ் உண்டா?

8. டிரைவர் கடைசியாக எப்போ தூங்கினார்?

நேரம் இல்லாதவர்தான் எப்போதும் அதிகம் கொடுக்கிறார். ராத்திரி 11 மணிக்கு ஊரில் இருந்து போன் வந்தபிறகு பேரம் பேச யாருக்கும் மனசு வராது. சொன்ன விலைக்கு ஏறிவிடுவார்கள். அதனால் அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாளில், பக்கத்து ஸ்டாண்டு டிரைவர் ஒருத்தர், சொந்த ஊர்ப்பக்க டிரைவர் ஒருத்தர், நம்பகமான டிராப் டாக்சி கம்பெனி ஒன்று என மூணு நம்பரை வாங்கி, ரேட்டும் கேட்டு, வீட்டில் எல்லார் போனிலும் போட்டு வையுங்க. என்றைக்காவது ஒரு ராத்திரி அந்த மூணு நம்பர் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.